காலை அளவு

தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு.
ஏழாம் வகுப்புப் பரீட்சையில் எழுதி
ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன்.
என் உடம்பு மட்டும்
எந்தக் காலையிலும் அந்த விடையை எழுதியதில்லை.

விடிய ஐந்தேகால்.
எழுந்து உட்காரக் கூடாது, பேசக் கூடாது,
ஒரு மிடறு தண்ணீர் கூடாது.
நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு
அது இரண்டுமுறை கீச்சிடும்வரை
ஓட்டு இடுக்கில் வெளுப்பதைப் பார்த்துக் கிடப்பேன்.
97.2

ஐந்தே முக்காலுக்கு அவர் சைக்கிளை எடுப்பார்.
தலைஞாயிறு தாண்டி அரிச்சந்திரா நதியில்
கடைசி ஷட்டருக்கு அவர்தான் லஸ்கர்.
சுவரில் வரைந்த அளவுகோலைப் பார்த்து
ஆறு மணிக்குப் போனில் சொல்ல வேண்டும்,
இத்தனை அடி, இத்தனை அங்குலம் என்று.
பங்குனியிலிருந்து ஒரே சொல்தான்.
"நில்."
ஒன்றுமில்லை என்பதற்கு ஆபீஸ் வழக்கு.
எழுதிக்கொள்பவரும் "நில்" என்று
திருப்பிச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாராம்.

ஒரே வீட்டில் இரண்டு நோட்டு.
அவருடையதில் சர்க்கார் முத்திரை.
என்னுடையது கட்டம் போட்டது,
அரிசி டின்னுக்குள்.

முதல் மாதம் பயந்துபோய்
கூத்தாநல்லூருக்கு பஸ் ஏறினேன்.
ஒருநாள்கூட ஆறைத் தொடவில்லையே டாக்டர்.
மெஹருன்னிசா டாக்டர் பேனாவை மூடினார்.
"அது யார் யாரையோ கூட்டி வகுத்தது, அம்மா.
நீங்க மீதி நின்னவங்கன்னு வெச்சுக்குங்க.
சாயங்காலம் பாருங்க,
இதே உடம்பு ஒரு டிகிரி ஏறியிருக்கும்."

ஏறியிருந்தது.
உளுந்து பிடுங்கிவிட்டு வந்த அன்று 98.5.
அதே நிமிஷம் அக்குளில் 97.7.
ஆக எது நான்?

நாத்தனார் மலர்க்கொடி கழுத்தில் கைவைத்து
"அண்ணி, சுடுது, மாத்திரை போடுங்க" என்றாள்.
அப்போதுதான் அவள்
மோர்ப்பானை கழுவிவிட்டு வந்திருந்தாள்.
தொட்ட கையின் குளிர்ச்சியை
யாரும் நோட்டில் ஏற்றுவதில்லை.

மார்கழியில் என் விரல்கள் சில்லிட்டுப்போகும்.
குளிரில் ரத்தம் முறைப்பாசனம் வைக்கிறது.
நெஞ்சுக்கும் ஈரலுக்கும் முதல் முறை.
விரல் நுனிக்கு
வந்தால் வந்தது.
"கடைமடைன்னா அப்படித்தான்" என்று
அவர் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வார்.
அவ்வளவுதான் நாங்கள் இதைப் பேசியது.

மாத நடுவில் ஒரு விடியலில் கோடு ஏறும்.
அரை டிகிரி, சிலசமயம் கூட.
முட்டை கிளம்பிவிட்டது என்று
உடம்பு பின்னாலிருந்து தரும் ரசீது.
பன்னிரண்டு நாள், பதின்மூன்று நாள்
மேலேயே நிற்கும்.
பிறகு இறங்கும்.
நான் பேசாமல் போய்ப் பீரோவில் துணி எடுப்பேன்.
முப்பத்தொரு மாதம், முப்பத்தொரு இறக்கம்.
நோட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.
டின்னில் அரிசி அளந்து போடுவது அவர்தான்.

இந்த வருஷம் மேட்டூர் திறந்த அன்று
கோடு ஏறியது.
97.8
நாலாம் நாள் கல்லணை என்றார்கள்.
எட்டாம் நாள் நீடாமங்கலம்.
அப்புறம் செய்தி இல்லை,
மேலே எவன் வயலிலோ மடங்கிக் கிடக்கிறது.
இங்கே மணலில் ஆடு படுத்திருக்கிறது.

பதினைந்தாம் நாள், 97.9.
பேட்டரியைக் கழற்றிப் போட்டு
மறுபடி வைத்தேன். 97.9.
வாசலில் அவர்
சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் எழுந்து டீ போடவில்லை.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

ஆறு மணி.
ஒரு மைலுக்கு அப்பால்
காய்ந்த சுவரைப் பார்த்து அவர் சொல்லியிருப்பார்.
நானும் சொன்னேன்,
கட்டிலில் அசையாமல்,
அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்
எண் அணைவதற்குள்,
நில்.